ஐம்பத்து மூன்றாவது போட்டோ

தான் வரைந்த படம் போட்டோவில் நன்றாக விழவில்லை என்று, படத்தையே திருத்தப் போன ஆளை நீங்கள் பார்த்ததுண்டா?

சவரிமுத்து அப்படித்தான் கையில் பிரஷோடு நின்றார்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது ரமீஜா டீச்சரிடம் படம் வரையக் கற்கிறார். டீச்சருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

மழைக்கு முந்தின பஸ் நிலையம். அவருடைய முதல் பெரிய படம். கண்காட்சிக்குத் தேர்வாக வேண்டுமானால், ஆறு மணிக்குள் அதன் போட்டோ போய்ச் சேர வேண்டும்.

மணி ஐந்தேகால். வாசலில் டீச்சர் வந்து நின்றார், தோளில் கைப்பிள்ளையோடு.

"டீச்சர், ஐம்பத்திரண்டு போட்டோ எடுத்துட்டேன். எல்லாத்துலயும் வானத்துக்கு மஞ்சக்காமாலை! கொஞ்சம் நீலத்தை அப்பிட்டா சரியாயிரும்."

"எதுல அப்பப் போறீங்க?"

"படத்துலதான்."

டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏன் அண்ணாச்சி, பஸ் கண்ணாடியில லாரி சின்னதாத் தெரிஞ்சா, சின்ன லாரிதானேன்னு ஒடிச்சுத் திருப்பிருவீங்களோ?"

"சிரிக்காதீங்க டீச்சர். நேரம் போகுது."

படத்தைக் கட்டிலில் சாய்த்தார். ஆணியில் மாட்டினார். நாற்காலியில் ஏறினார், இறங்கினார். போன் கண்ணாடியை வேட்டியில் துடைத்தார். மறுபடி பிரஷை எடுத்தார்.

டீச்சர் அதைப் பிடுங்கித் தண்ணீர் டம்ளரில் போட்டார். காலியான கையில் பிள்ளையைக் கொடுத்தார்.

"இப்பதான் கண்ணசந்தான். அசைஞ்சீங்க, முழிச்சுக்குவான். அப்புறம் உங்க பாடு."

சவரிமுத்து நின்ற இடத்திலேயே நின்றார்.

டீச்சர் மஞ்சளாய் எரிந்த குண்டு பல்பை அணைத்தார். ஜன்னலைத் திறந்து, வெளிச்சம் கூசாமலிருக்கக் கொடியில் கிடந்த வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டினார். படத்தை ஜன்னலோரமாகச் சுவரில் மாட்டினார். அதற்கு நேர் எதிரே முக்காலி, அதன்மேல் நாலு புத்தகம், அதன்மேல் போன்.

"டீச்சர், மணி..."

"உஷ்!"

நடக்க முடியவில்லை. பேச முடியவில்லை. போனும் கையில் இல்லை. பார்ப்பதற்கு எதிரே ஒன்றுதான் இருந்தது.

பார்த்தார்.

வானத்தில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. பஸ் நிலையத்தின் தகரக் கூரைக்கு மேலே மேகம் கறுத்துத் திரண்டு, இதோ கொட்டப் போகிறேன் என்று நின்றது.

சவரிமுத்து தோளில் கிடந்த துண்டை மெல்ல இழுத்துப் பிள்ளையின் தலையை மூடினார்.

"எல்லாம் தயார். எடுக்கட்டுமா அண்ணாச்சி? ஆறாகப் போகுது."

"ஒரு நிமிஷம் பொறுங்க டீச்சர். நான் இன்னும் பார்த்து முடிக்கல."