வாகைப்பட்டி சகோதரர்கள் சொந்த வீட்டை வாங்கிய விதம்

கடவுள் புத்தியை ரேஷனில் போட்ட அன்றைக்கு, வாகைப்பட்டி மயிலேறியும் அவன் தம்பிகள் சங்கரபாண்டியும் கோமதிநாயகமும் கார்டை வீட்டில் வைத்துவிட்டு வரிசையில் நின்றிருக்க வேண்டும். மற்றபடி மூவரும் தங்கமான பிள்ளைகள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதுதான் அவர்களிடம் இருந்த ஒரே கோளாறு.

அவர்கள் வீடு மழைக்கு ஒழுகும். ஒரு ஐப்பசியில் கொதிக்கிற ரசத்தில் கூரைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, மயிலேறியின் மனைவி செண்பகவடிவு கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒழுகாத வீட்டை வாங்கிட்டுச் சொல்லி அனுப்பும். அன்னைக்கு வாரேன்" என்று பெட்டியோடு தாய்வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். மயிலேறிக்கு அவள் இல்லாமல் சோறு இறங்கவில்லை. தம்பிகள் சமைத்த சோறு என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் மெய்யாகவே அவன் ஏங்கிப்போனான்.

வயல் விற்ற பணம் பாங்கில் இருந்தது. மூவரும் புரோக்கர் உலகநாதனிடம் போனார்கள். உலகநாதன் அந்த வருஷம் நொந்துபோயிருந்த மனிதர். அவரோடு போய் வீட்டைப் பார்த்துவிட்டு, பின்னாலேயே வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசி முடித்து, அவர் கமிஷனில் மண்ணைப் போட்டவர்கள் பலபேர். அதனால் இப்போதெல்லாம் முதலிலேயே ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார். அதை உரக்க வாசித்தும் காட்டினார்: நான் இல்லாமல் எந்த வீட்டையும் பார்க்கக் கூடாது. வீட்டுக்காரரிடம் நேரடியாகப் பேச்சோ கொடுக்கல் வாங்கலோ கூடாது, எல்லாம் என் மூலமாகத்தான். பேரம் முடிந்தால் வாங்குகிறவர் இரண்டு சதவீதம் கமிஷன், விற்கிறவர் இரண்டு சதவீதம்.

கையோடு, பழைய வீட்டை விற்றுத் தருவதற்கும் ஒரு தனி ஒப்பந்தம் எழுதச் சொன்னார். மயிலேறி இரண்டிலும் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டான்.

வாசலுக்கு வந்ததும் சங்கரபாண்டி அண்ணன் கண்ணைப் பொத்தினான்.

"எதுத்தாப்புல ஒரு வீடு நிக்கி. பாத்துராதிய."

மூவரும் கண்ணை மூடிக்கொண்டு நடுத்தெருவில் நின்று ஆலோசித்தார்கள். கடையைப் பார்க்கலாமா என்று கோமதிநாயகம் கேட்டான். கடைக்கு மேலே மாடியில் குடியிருந்தால் அதுவும் வீடுதானே என்றான் சங்கரபாண்டி. கண்ணைத் திறந்து பார்த்தால்தான் மேலே ஆள் குடியிருக்கிறதா என்று தெரியும், திறந்தால் ஒப்பந்தம் போச்சு. ஆகவே தோள் துண்டை எடுத்து ஆளுக்கொரு கட்டுக் கட்டிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் ஒரு சாக்கடையும் இரண்டு எருமைகளும் குறுக்கிட்டதைத் தவிர வேறு சிரமம் இல்லை.

வீட்டுக்குள் வந்தும் கட்டை அவிழ்க்கவில்லை. உள்ளேயிருந்து பார்த்தாலும் வீடு வீடுதானே. உலகநாதன் அழைத்துப் போகும்போது மட்டும் அவிழ்த்தார்கள். அவர் காட்டிய வீடு ஒவ்வொன்றிலும் ஒரு குறை இருந்தது. ஒன்றில் அடுப்பங்கரை இருட்டு, ஒன்றில் கிணறு இல்லை, ஒன்றில் வீட்டுக்காரர் காலி செய்ய மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

இதற்கிடையில் பழைய வீட்டுக்கு நல்ல விலை கிடைக்கட்டும் என்று உலகநாதன் கொத்தனாரை அனுப்பி ஒழுகலை அடைத்து, பெயின்டரை விட்டு இளம்பச்சை அடிக்கச் சொன்னார். சகோதரர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு பெயின்ட் வாசனையை இழுத்து இழுத்து முகர்ந்தார்கள். எந்தப் புண்ணியவானோ பக்கத்தில் அருமையாக ஒரு வீடு கட்டுகிறான் என்று மயிலேறி பொறாமைப்பட்டான்.

கடைசியில் ஒருநாள் கோவில்பட்டி ஜவுளிக்காரர் ஒருவரை உலகநாதன் வீடு பார்க்கக் கூட்டி வந்தார். புரோக்கர் குரல் கேட்டதும் மூவரும் துண்டை அவிழ்த்தார்கள். மயிலேறி அப்படியே நின்றுவிட்டான். வெளிச்சமான அடுப்பங்கரை. தண்ணீர் ததும்பும் கிணறு. கூரையில் ஒரு பொட்டு ஒழுகலின் தடம்கூட இல்லை. செண்பகவடிவு அங்கே நின்று ரசம் தாளிப்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

"அண்ணாச்சி, இந்த வீட்டை நாங்க வாங்கிக்கிடுதோம்" என்றான்.

உலகநாதன் அவனைத் தனியே இழுத்துப் போய், இது உம்ம வீடுவே என்று எடுத்துச் சொன்னார். பத்திரம் உம்ம பேரில்தானே இருக்கிறது என்றார். ஜவுளிக்காரர் நல்ல விலைக்கு நிற்கிறார், கெடுத்துவிடாதீர் என்றும் கெஞ்சினார். சகோதரர்கள் கிணற்றடியில் கூடிப் பேசினார்கள். சங்கரபாண்டி முடிவைச் சொன்னான்.

"விக்கது ஒரு ஒப்பந்தம். வாங்குதது ஒரு ஒப்பந்தம். ரெண்டையும் போட்டுக் குழப்பப்படாது அண்ணாச்சி. எங்களுக்குத் தராம அவருக்குத் தள்ளிவிடப் பாக்கியளோ?"

நேர்மைக்குப் பேர்போன உலகநாதனுக்கு இது சுருக்கென்றது. சரி, பேசி முடிக்கலாம் என்றார். ஆனால் நேரடியாகப் பேசக் கூடாதே. அதனால் மயிலேறி முற்றத்தின் கிழக்கே உட்கார்ந்து, விற்கிறவனாக விலை சொன்னான். பிறகு எழுந்து மேற்கே போய் உட்கார்ந்துகொண்டான். உலகநாதன் முற்றத்தைக் கடந்து வந்து அந்த விலையை அவனிடம் சொன்னார். அநியாய விலையாக இருக்கிறதே, கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் என்றான். மறுபடி கிழக்கே போய், ஒரு காசு குறைக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெயில் ஏறியது. உலகநாதன் நடந்து நடந்து மூச்சு வாங்கினார். ஜவுளிக்காரர் எப்போது போனார் என்று யாருக்கும் தெரியாது.

"இவ்வளவு கறாரான ஆளை நான் பாத்ததே இல்ல" என்று மேற்கேயிருந்து அலுத்துக்கொண்ட மயிலேறி, செண்பகவடிவை நினைத்துக் கேட்ட விலைக்கே சம்மதித்தான். பாங்கிலிருந்து எடுத்து வந்து வலது பையில் வைத்திருந்த பணத்தை உலகநாதன் கையில் கொடுக்க, அவர் அதை அவனுடைய இடது பையில் வைத்தார். வலது பையிலிருந்து ஒரு கமிஷன், இடது பையிலிருந்து ஒரு கமிஷன். வேண்டாம் என்று அவர் மறுத்துப் பார்த்தார். உழைத்த காசு என்று மூவரும் அவர் சட்டைப்பையில் திணித்துவிட்டார்கள். பத்திரத்தைத் திறந்து பார்த்தால், அது ஏற்கெனவே மயிலேறி பேரில் இருந்தது. புரோக்கர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று மூவரும் வியந்தார்கள்.

விற்றவர்கள் வெள்ளிக்கிழமை காலி செய்ய வேண்டும் என்று பேச்சு. மயிலேறி மனைவிக்குச் சொல்லி அனுப்பினான். வெள்ளிக்கிழமை மூவரும் பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் தெருவில் இறக்கி, வீட்டைப் பூட்டி, சாவியை மயிலேறி இடுப்பில் செருகிக்கொண்டு, புது வீட்டுச் சாவிக்காகக் காத்திருந்தார்கள். நேரடியாகக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. உலகநாதனோ உடம்பு வலி என்று படுத்திருந்தார். மழை பிடித்துக்கொண்டது. விற்றவன் இப்படி இழுத்தடிக்கிறானே என்று மயிலேறி நனைந்துகொண்டே திட்டினான்.

செண்பகவடிவு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். மூவரையும் பார்த்தாள், இளம்பச்சை வீட்டைப் பார்த்தாள். கணவன் இடுப்பிலிருந்த சாவியை உருவிக் கதவைத் திறந்து உள்ளே போனாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அடுப்பை மூட்டினாள்.

தெருவில் பெரிய வழக்கே நடந்தது. மதினி விற்றவன் பெண்டாட்டியானால் வெளியே வர வேண்டும் என்றான் சங்கரபாண்டி. வாங்கினவன் பெண்டாட்டியானால் இருக்கலாம் என்றான் கோமதிநாயகம். மயிலேறி உலகநாதனுக்குப் போன் போட்டான். அவர் படுத்தபடியே வழக்கை முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, வாங்கினவன் பெண்டாட்டிதான், உள்ளே போய்ச் சாப்பிடும் என்றார்.

மயிலேறி ஓடினான், தம்பிகளும் பின்னாலேயே ஓடினார்கள். சுடுசோறு, ரசம், எதிரே செண்பகவடிவு. முதல் கவளம் உள்ளே போனபோது அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டாவது கவளத்தில் கை நின்றது.

"ஏன், உப்பு கொறையா?" என்றாள்.

"அதில்லட்டி. வித்தவனை நெனச்சேன். பாவம், வீடும் போச்சு, பொண்டாட்டியும் போயிட்டா. இந்த மழையில எங்க நிக்கானோ."

தம்பிகளும் சாப்பாட்டை நிறுத்தி உச்சுக்கொட்டினார்கள். மயிலேறி எச்சில் கையை உயர்த்தி வைத்துக்கொண்டு இடது கையால் மறுபடி போனை எடுத்தான்.

"அண்ணாச்சி, வித்தவருக்கு ஒரு வீடு பாருங்க. ஒப்பந்தத்தைப் பத்திக் கவலப்படாதிய, அவருக்குப் பதிலா நானே கையெழுத்துப் போடுதேன்" என்று சொல்லிவிட்டு, இலைக்கு முன்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.