உப்புக் கையில் விரால்

"அவ கைநழுவிப் போறா தாயே. பிடிச்சு வைக்க ஒரு வழி சொல்லுங்க."

நாச்சியம்மையிடம் கேட்டவன் வேடியப்பன், மீன் விற்கிறவன். மூத்த மகளை ஏரி கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து சின்னவள் பச்சையம்மாவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வியாபாரத்துக்குக் கிளம்புவான். பள்ளிக்கூடம் கிடையாது, பக்கத்து வீடும் கிடையாது. இப்போது அவள் சோற்றைத் தொடுவதில்லையாம். பேச்சும் நின்றுபோச்சாம்.

பாவி மனுஷன், அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டான்.

நாச்சியம்மை அவனைவிட இளையவள். ஏரிக்கரைக் கோயிலில் தனியாகத் தங்கியிருந்த துறவி. ஆறுதல் சொல்லத் தெரியாதவள் என்று ஊரில் பேர் வாங்கியவள்.

கோயிலுக்குப் பக்கத்தில் ஏரி மடையை ஒட்டிய குழி வற்றி, சேற்றில் ஒரு விரால் கிடந்தது. அதை எடுத்து ஏரியில் விடச் சொன்னாள்.

வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது.

வேடியப்பனுக்கா தெரியாது? மீன் கழுவக் கூடையில் வைத்திருந்த கல்லுப்பை உள்ளங்கை இரண்டிலும் தேய்த்துக்கொண்டு அழுத்திப் பிடித்தான். பிடித்த மீனைத் திருப்பி விட்டுப் பழக்கமில்லாத கை அது.

உப்புப் பட்டதும் விராலின் மேலிருந்த கொழகொழப்பு சுருங்கித் திரிதிரியாக விரலோடு வந்தது. மீன் அசையவில்லை. ஏரியில் விட்டான்.

அது ஆழத்துக்குப் போகவில்லை. கரையோரமாகவே சாய்ந்து மிதந்தது.

நாச்சியம்மை அவன் முழங்கையில், உப்புப் படாத இடத்தில், ஒட்டியிருந்த கொழகொழப்பை வழித்து நல்ல தண்ணீர்ச் செம்பில் விட்டாள். அது தண்ணீரைக் குடித்து, உப்பி, கண்ணுக்குத் தெரியாமல் பரவியது. விரலில் இருந்த திரியையும் விட்டாள். எவ்வளவு அலசியும் அது விரியவில்லை.

"இதுதான் அதோட காவல்," என்றாள். "உப்பு ஏற ஏறச் சுருங்கிக் கழண்டுடும்."

அந்தக் கொழகொழப்பு கழன்ற மீனுக்குத் தண்ணீரே புண் வைக்கும் என்று வேடியப்பனுக்குத் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"நழுவிடக் கூடாதுன்னுதான் தாயே அப்படிப் பிடிச்சேன்."

"தெரியும் அண்ணே."

"பிழைக்குமா?"

நாச்சியம்மைக்கும் கண் கலங்கியிருந்தது.

"பச்சையம்மா இன்னிக்காவது சாப்பிட்டாளா?" என்று கேட்டாள்.

வேடியப்பன் கூடையைக்கூட எடுக்காமல் வீட்டைப் பார்த்து ஓடினான்.