நாற்பது பேருக்குப் போட்ட ஊசி

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு நாற்பத்தேழு. குருவுக்குத் தாடி கிடையாது, பெயர் ஹெப்சிபா. சொந்த ஊர் நாசரேத். சென்னைக்கு வந்து பதினைந்து வருஷமாகியும் பேச்சில் ஊர் போகவில்லை. ஆசிரமம் என்று சொன்னால் மூன்றாவது மாடியில் ஓர் ஆய்வுக்கூடம். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதோடு கையுறையும் மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சீடர் தணிகைவேல் இருபது வருஷம் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்தவர். மாத்திரை எடுத்துக் கொடுத்துச் சலித்துப்போய், மருந்து எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க இந்த வயதில் ஆராய்ச்சிக்கு வந்தார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா பூங்காவனம் மட்டும் சிரிக்கவில்லை.

அவர்கள் செய்துகொண்டிருந்த மருந்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது ஓர் ஆன்டிபாடி, நோயைத் தேடிப் பிடிக்கும் புரதம். ரத்தத்தில் சுற்றிக்கொண்டே போய், புற்றுநோய் செல்லின் மேல் இருக்கும் ஓர் அடையாளத்தைக் கண்டதும் ஒட்டிக்கொள்ளும். அதன் முதுகில், காட்டுக் காளானின் விஷத்தைப் பார்த்துச் செய்த ஒரு பெப்டைடு, சின்னப் புரதத் துண்டு. ஒட்டிய செல்லுக்குள் விஷம் இறங்கும். செல் சாகும்.

மனிதப் புற்றுக்கட்டியை உடம்பில் வைத்து வளர்த்த நாற்பது எலிகளுக்கு அதைப் போட்டார்கள். கட்டிகள் கரைந்தன. ஓர் எலிக்குக்கூட முடி உதிரவில்லை.

தணிகைவேல் இனிப்பு வாங்கி வந்தார். குரு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, "அடுத்தது மனுஷத் திசுவுல பாக்கணும் சார். அதுவரைக்கும் இது ஃப்ரிட்ஜ விட்டு வெளிய போகக் கூடாது" என்றார்.

போய்விட்டது. சனிக்கிழமை சாயங்காலம், ஐஸ் போட்ட டிபன் கேரியரில், மூன்று குப்பிகள்.

பூங்காவனத்துக்கு வயிற்றில் புற்றுநோய். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் தோல் தைத்து, தாயில்லாத தம்பியைப் படிக்க வைத்தவள். டாக்டர்கள் மூன்று மாதம் என்று கெடு சொல்லிவிட்டார்கள். எலிகள் குதித்து விளையாடுகின்றன, அக்கா கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறாள். தணிகைவேலுக்கு அதைத் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரே அக்காவின் கையில் நரம்பு தேடினார்.

"இன்னாடா ஊசி இது?"

"புது மருந்துக்கா."

"வேற ஏதாச்சும் ஆயிடாதே?"

"நாப்பது பேருக்குப் போட்டாச்சுக்கா. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல."

நாற்பது பேர். சொன்ன வாய்க்கே அது உறைத்தது. ஆனால் அக்கா அதற்குள் கையை நீட்டியிருந்தாள்.

புதன்கிழமை காலை அவர் குருவிடம் வந்து நின்றார். ஊசியைப் பற்றி மூச்சு விடவில்லை. "மேடம், நம்ம மருந்து கட்டியைத் தவிர வேற எதையும் தொடாதுன்னு நிச்சயமா சொல்லலாமா?" என்று மட்டும் கேட்டார்.

ஹெப்சிபா அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அலமாரியைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நேத்துதான் வந்துச்சு. ஆறு உறுப்பு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கண்ணாடி ஸ்லைடு. குடல், கல்லீரல், சிறுநீரகம், இதயம், நுரையீரல், தோல். எல்லாம் நோய் இல்லாத மனுஷனோடது. நம்ம ஆன்டிபாடிய ஊத்திப் பாருங்க. ஒட்டுன இடம் பழுப்பாகும்."

"என்ன வரும் மேடம்?"

"பாத்துட்டு நீங்க சொல்லுங்க."

மதியம் வரை அந்த வேலை. கழுவ வேண்டும், காத்திருக்க வேண்டும், மறுபடி கழுவ வேண்டும். சாப்பிடப் போகவில்லை.

குடல் வெளுப்பாகவே இருந்தது. கல்லீரல், சிறுநீரகம், இதயம், தோல் எல்லாம் அப்படியே. அவருக்கு உயிர் திரும்பி வந்தது. கடைசியாக நுரையீரலை மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

காற்றுப் பைகளின் சுவரெல்லாம் பழுப்பு.

கை தவறாகப் பட்டிருக்கும் என்று நினைத்தார். ஆன்டிபாடி ஊற்றாமல் ஒதுக்கிய ஒப்பீட்டு ஸ்லைடை எடுத்துப் பார்த்தார். அது சுத்தமாக இருந்தது. மறுபடி பழுப்பைப் பார்த்தார். அது எங்கும் போகவில்லை.

"மேடம்" என்று கூப்பிட்டார்.

ஹெப்சிபா வந்து குனிந்து பார்த்தார்.

"எலிக்கு ஒண்ணுமே ஆகலையே மேடம். நாப்பதும் நல்லாத்தானே இருக்கு?"

"எலிக்குள்ள நாம வச்ச கட்டி யாருது?"

"மனுஷனோடது."

"எலியோட நுரையீரல்?"

"எலியோட..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

நூற்றுக்கணக்கான ஆன்டிபாடிகளில் இதைப் பொறுக்கி எடுத்தவர் தணிகைவேல்தான். மனித அடையாளத்தை மட்டும் பிடிக்கிறது, எலியுடையதைச் சீண்டுவதே இல்லை என்று அவரே பெருமையாக எழுதியிருந்தார். அந்த விஷம் ஒட்டுவதற்கு எலியின் உடம்பில் கட்டியைத் தவிர வேறு இடமே இல்லை. நாற்பது என்ன, நாலாயிரம் எலிக்குப் போட்டிருந்தாலும் எல்லாம் குதித்துத்தான் விளையாடியிருக்கும். இது தெரியாதவர் இல்லை. இந்தக் கூடத்தில் இது அரிச்சுவடி. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மூன்று குப்பி, டிபன் கேரியர், ஞாயிற்றுக்கிழமை.

குரு திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவங்க ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டாங்க மேடம். நாப்பது பேருக்குப் போட்டாச்சுன்னு சொன்னேன்."

ஹெப்சிபா கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். அதை முடிக்க அவருக்கு நேரமெடுத்தது.

"திரும்ப எடுக்க ஏதாவது வழி இருக்கா மேடம்? ரத்தத்தை மாத்தினா?"

"கேட்டுப் பாப்போம். ஒட்டுனது ஒட்டுனதுதான். மிச்சம் சுத்திக்கிட்டுல்லா இருக்கும். சீக்கிரம் கழிஞ்சிரக் கூடாதுன்னு அதோட வாலை மாத்துனோமே, ஞாபகம் இருக்கா?"

மறக்குமா? மாற்றியவரே அவர்தான். பாதி கழியவே மூன்று வாரம் ஆகும். அந்த வேலைக்கு அவருக்குப் பரிசு கொடுத்திருந்தார்கள்.

ஹெப்சிபா போனை எடுத்தார். தெரிந்த நுரையீரல் டாக்டரிடம் பேசினார். மருந்தின் பெயர், அளவு, போட்ட நாள், போட்ட முறை எல்லாவற்றையும் சொன்னார். "எங்க லேப்ல இருந்து போனது. ஆமா, அனுமதி இல்லாமத்தான். எல்லாத்தையும் எழுதிக் குடுத்துருதேன். இன்னைக்கே ஒரு படுக்கை வேணும்" என்றார். அந்த ஒரு போனோடு அவருடைய பத்து வருஷ உழைப்புக்கும் பூட்டு விழும் என்று இருவருக்கும் தெரியும்.

"ராணிப்பேட்டைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டரை மணி நேரம் மேடம்."

குரு கார் சாவியை எடுத்துக்கொண்டார். படியில் பாதி இறங்கியிருந்தபோது தணிகைவேலின் போன் அடித்தது. திரையில் அக்கா. அவசரமாக எடுத்ததில் ஸ்பீக்கர் அழுந்திவிட்டது.

"தம்பி, வேலையில இருக்கியா? ஒண்ணுமில்லடா, சொல்லணும்னு தோணிச்சு. இன்னிக்கு ரெண்டு இட்லி சாப்ட்டேன். எத்தினி மாசமாச்சு! வவுத்து வலிகூட அடங்கிக்கீது. நல்ல ஊசிடா அது."

அவர் ஸ்பீக்கரை அணைக்கப் பொத்தானைத் தேடினார்.

"காலையில இருந்து நடந்தா கொஞ்சம் மூச்சு வாங்குது. இருமலும் கீது. அது இன்னா, பனிக்காலம் இல்ல? சரியாப்பூடும். அடுத்த ஊசி எப்போனு உங்க டாக்டரம்மாவைக் கேளுடா. கேட்டுச் சொல்றியா?"

தணிகைவேல் போனை உள்ளங்கையால் பொத்தினார்.

"மேடம், நான் என்ன சொல்லட்டும்?"

நாலு படி கீழே இறங்கியிருந்த ஹெப்சிபா நின்று திரும்பினார்.

"எலி ஒண்ணும் கேக்காது சார். அவங்க கேக்காங்க. உள்ளதச் சொல்லுங்க."