அங்கே இருப்பதை இங்கிருந்து கூப்பிட்ட கதை

கரிசல்பட்டி ரயில் நிலையத்துக்கு எதிரே கோமதி விலாஸ் என்று ஒரு ஹோட்டல் இருந்தது. நல்ல ஹோட்டல்தான். சாப்பாட்டுக் கூடம் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் சமையல்கட்டு அந்தப் பக்கமும் இருந்தது ஒன்றுதான் குறை. அடுப்புப் புகை தாங்காமல் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தபோது, முதலாளி கோமதிநாயகம் அடுப்பை மட்டும் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார். புகை போனது. தோசையும் கூடவே போய்விட்டது. இங்கே ஒருவர் ரவா தோசை கேட்டால், ஆள் சைக்கிளில் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய்ச் சொல்லி, தோசை வந்து சேர்வதற்குள் கேட்டவர் ரயிலேறி விருதுநகர் தாண்டியிருப்பார்.

இதற்கு ஒரு வழி பண்ணத்தான் மதுரையிலிருந்து பர்வீன் என்ற பெண்ணை வரவழைத்தார்கள். அவள் ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறவள். கூடத்தில் கிளையன்ட் என்று ஒரு கம்ப்யூட்டர், சமையல்கட்டில் சர்வர் என்று ஒரு கம்ப்யூட்டர். இங்கே தட்டினால் அங்கே இருக்கிற வேலையை இது கூப்பிடும், அங்கிருந்து பதில் வரும். தன் ஊருக்குத் திரும்புமுன், இதைப் பார்த்துக்கொள்ள ஜாவா தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டாள்.

முதலாளி வேலையாட்களை வரிசையாக நிறுத்தி, யாருக்கு ஜாவா தெரியும் என்று விசாரித்தார். வாழை இலை நறுக்குகிற ஆவுடையப்பன் கையைத் தூக்கினான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் அப்பாவிடம் ஒரு ஜாவா மோட்டார் சைக்கிள் இருந்தது. பதினெட்டு வயசிலிருந்து அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறான். மழைக்காலத்தில் கூட ஒரே உதையில் கிளப்பிவிடுவான். அன்றைக்கே அவனுக்குச் சிஸ்டம் மேனேஜர் என்று பேர் வைத்து, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டார்கள். அவன் பெண்டாட்டி தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். மாமனார் முதல் தடவையாக அவனை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டார்.

உதவிக்கு இரண்டு பேர். ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்த சுடலைக்கண்ணு ஒருவன். ஊர் கிரிக்கெட் டீமில் விக்கெட் கீப்பர். இன்னொருத்தி செலஸ்டினா. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். ஒவ்வொரு வரி முடிந்ததும் கம்ப்யூட்டர் திரையை வலது பக்கமாக ஒரு தள்ளு தள்ளுவாள். மற்றபடி வேகமான கை.

பர்வீன் மூவரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். சர்வர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் பேர் ரெஜிஸ்ட்ரி என்ற பட்டியலில் பதிவாகியிருக்க வேண்டும்; கரண்ட் போய் வந்தால் மறுபடி பதிய வேண்டும். நடுவழியில் கோளாறு வந்தால் புரோகிராம் ஒரு பிழைச் சேதியை எறியும், அதைப் பிடிக்கத் தயாராக இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், அங்கே இருக்கிறதை இங்கேயே இருக்கிற மாதிரி நினைத்துக் கூப்பிடலாம். மூவரும் தலையாட்டினார்கள். அவ்வளவு ஒழுங்காகத் தலையாட்டியவர்களை அவள் பார்த்ததில்லை. நிம்மதியாக பஸ் ஏறினாள்.

அவள் போனதும் முதல் ஆலோசனைக் கூட்டம் நடந்தது.

"சர்வர் ஓடிக்கிட்டே இருக்கணும்னு சொன்னாவளே, எந்த சர்வர்?" என்றான் சுடலைக்கண்ணு. "நம்மகிட்ட அஞ்சு பேர் இருக்காங்க."

"அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத்தான் சொல்லியிருப்பாங்களோ?" என்றாள் செலஸ்டினா.

ஆவுடையப்பன் அந்தப் பெட்டியை மேலும் கீழும் பார்த்தான். "பெட்டிக்குக் கால் எங்க இருக்கு?" என்று கேட்டான்.

ஆகவே சர்வர்களில் மூத்தவரான சுயம்புவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் காலையில் சமையல்கட்டைச் சுற்றி ஓட ஆரம்பித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் எப்போதும் இருக்கிற தட்டு அடுக்கோடு. அவர் ஓடிய அந்த வேளையில் கம்ப்யூட்டரும் அருமையாக வேலை செய்தது. இங்கே வடை என்று தட்டினால் அங்கே மணி அடித்தது, சமையல் மாஸ்டர் வடை போட்டார். இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மத்தியானம் பர்வீன் போன் செய்து, சர்வர் ஓடுகிறதா என்று விசாரித்தாள்.

"ஓடுதும்மா. ஆனா கொஞ்சம் மூச்சு வாங்குது" என்றான் ஆவுடையப்பன்.

"லோடு அதிகமா இருக்கும்ணே. குறைச்சுப் பாருங்க."

தட்டு அடுக்கை வாங்கி வைத்தார்கள். சுயம்பு முன்னைக்கு இப்போது நன்றாகவே ஓடினார். கம்ப்யூட்டர் படித்த பெண் என்றால் சும்மாவா என்று மூவரும் வியந்துகொண்டார்கள். சாயங்காலம் சுயம்புவின் மகன் வந்து சத்தம் போட்ட பிறகு, மற்ற நாலு சர்வர்களும் முறைவைத்து ஓடுவதென்று தீர்மானமாயிற்று. சுயம்புவுக்குக் கால் வீங்கி, ஒரு வாரம் லீவு.

சுடலைக்கண்ணு தன் பங்குக்கு விக்கெட் கீப்பிங் கையுறைகளை மாட்டிக்கொண்டு கூடத்துக் கம்ப்யூட்டருக்கு முன்னால் குனிந்து நின்றான். அது எதையும் எறியவில்லை. இருந்தாலும் அவன் கண்ணை எடுக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளி ஒரு சேதியோடு வந்தார். தர்மபுரிப் பக்கத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற யாத்திரை ரயில் ஒன்று சனிக்கிழமை தண்ணீர் பிடிக்க இங்கே நிற்கப்போகிறது. காலைச் சாப்பாடு நம் ஹோட்டலில். யாத்திரைத் தலைவர் நஞ்சுண்டன் என்பவருக்குத் திருப்தியானால், சீசன் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் நமக்குத்தான். இல்லையென்றால் அடுத்த ஸ்டேஷன் ஹோட்டல்காரனுக்கு.

"கெடுத்தீருன்னா மறுபடியும் வாழை இலைதான்வே" என்று ஆவுடையப்பனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாமனார் இனி என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்று ஆவுடையப்பன் நினைத்துப் பார்த்தான். நினைக்காமலே இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை கரண்ட் போய் வந்தது. இங்கே தட்டினால் அப்படி ஒரு பேரே இல்லை என்று திரையில் வந்தது. மூவருக்கும் பர்வீன் சொன்னது ஞாபகம் வந்தது. உடனே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த எழுத்தர் என்ன பதிய வேண்டும் என்று கேட்டார். ஒரு கிளையன்ட், ஒரு சர்வர், இரண்டு பேரையும் சேர்த்துவைக்க வேண்டும் என்று ஆவுடையப்பன் விளக்கினான். இருவருக்கும் வயசு என்ன என்றார் எழுத்தர். வாங்கி இன்னும் ஒரு மாசம்கூட ஆகவில்லை என்றான் சுடலைக்கண்ணு. எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, வாசலைக் காட்டினார்.

திரும்பி வந்து மறுபடி கூடிப் பேசினார்கள்.

செலஸ்டினாதான் வழி கண்டுபிடித்தாள். "அங்க இருக்கிறதை இங்கேயே இருக்கிற மாதிரி நினைக்கணும்னுதானே சொன்னாங்க? நமக்கு அப்படி நினைப்பு வரமாட்டேங்குது. நடுவுல தண்டவாளம் நல்லாத் தெரியுது."

"அதுக்கு என்ன செய்ய?" என்றான் ஆவுடையப்பன்.

"அதையே இங்க கொண்டு வந்து வச்சுட்டா, கஷ்டப்பட்டு நினைக்க வேண்டாம்லா."

இத்தனை படித்த பர்வீனுக்கு இது தோன்றவில்லையே என்று ஆவுடையப்பனுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. சமையல்கட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து கூடத்துக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே, அதே மேஜைமேல் வைத்தார்கள். பர்வீனுக்குப் போன் போட்டார்கள். கறுப்புத் திரையில் எதைத் தட்ட வேண்டும் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, செலஸ்டினா தட்டினாள். பேர் பதிவாகிவிட்டது. பெட்டி எங்கே இருக்கிறது என்று பர்வீன் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

முதலாளி வந்து பார்த்தார். இந்தப் பெட்டியில் பொங்கல் என்று தட்டினால், கண்மூடித் திறப்பதற்குள் அந்தப் பெட்டியில் மணி அடித்து, பொங்கல் என்று வந்தது. 'சரி' என்று பதிலும் திரும்பியது. போன வாரத்தைவிட மணிச் சத்தம் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று முதலாளி பாராட்டினார்.

சனிக்கிழமை யாத்திரை ரயில் வந்தது. நீளமான வண்டி. ரயில்வே கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. முழங்கால் வலிக்காரர்களும் தலைவர் நஞ்சுண்டனும் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க, மற்ற எல்லாரும் இறங்கி வந்து கூடத்தை நிறைத்தார்கள். செலஸ்டினாவின் விரல்கள் பறந்தன. மணி ஓயாமல் அடித்தது. சரி, சரி, சரி என்று பதில் வந்தபடி இருந்தது. ஆவுடையப்பன் கைகட்டிக்கொண்டு நின்று, வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வரும் என்று தெரியாமல் எத்தனை இலை நறுக்கியிருக்கிறோம் என்று நினைத்துப் பூரித்தான்.

இலை போட்டாயிற்று. தண்ணீர் தெளித்தாயிற்று. இலையில் வேறெதுவும் விழவில்லை. பச்சை சால்வை போர்த்திய ஒருவர் எழுந்து வந்து, தன் பொங்கல் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"அது அப்பவே வந்தாச்சே ஐயா" என்று ஆவுடையப்பன் திரையைத் திருப்பிக் காட்டினான். அவர் குனிந்து பார்த்தார். பொங்கல் வந்துதான் இருந்தது. போய் இலைமுன் உட்கார்ந்துகொண்டார்.

ஆனால் மற்றவர்கள் அப்படி இல்லை. இரைச்சல் ஏறியதும் ஆவுடையப்பன் போனை எடுத்தான். பர்வீனைக் கூப்பிட்டான். எல்லாமே சரியாக நடக்கிறது, சாப்பாடு மட்டும்தான் வரவில்லை என்றான்.

"கிச்சன்ல இருக்கிற பெட்டியில என்ன காட்டுதுன்னு பாருங்கண்ணே."

"அது இங்கதாம்மா இருக்கு. பக்கத்திலயே."

"அப்ப மாஸ்டர் எதைப் பார்த்துச் சமைக்கிறாரு?"

ஆவுடையப்பனுக்கு இந்தக் கேள்வி புதிது. பெட்டியை உடனே அங்கே கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

எந்தப் பெட்டி என்று சொல்லவில்லை. இரண்டும் இப்போதுதான் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கின்றன, பிரித்தால் மறுபடி பதிவு அலுவலகம் போக வேண்டியிருக்கும் என்றான் சுடலைக்கண்ணு. அது நியாயமாகப் பட்டது. இரண்டையும் தூக்கிக்கொண்டார்கள். வழியை அடைத்து வண்டி நின்றதால், ஒரு கதவில் ஏறி மறு கதவில் இறங்கினார்கள். நஞ்சுண்டன் காலை மடக்கி வழிவிட்டார்.

சமையல்கட்டில் மாஸ்டர் அடுப்பை எரியவிட்டு, காலை நீட்டிக் கிடந்தார். பெட்டியை வைத்துக் கரண்ட் கொடுத்ததும், அதில் சேர்ந்து கிடந்ததெல்லாம் வரிசையாகப் பொங்கல், வடை, தோசை என்று அவர் கண்முன் ஓடியது. மனிதர் பொறி பறக்க வேலை செய்தார். அண்டா அண்டாவாகச் சாப்பாடு தயார். பெட்டிகளோடு கூடவே வந்திருந்த ஐந்து சர்வர்களும், கால் வீக்கம் வடிந்த சுயம்பு உட்பட, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறினார்கள். அந்தப் பக்கம் இறங்கிக் கூடத்துக்குப் போவதாக ஏற்பாடு.

ஆனால் வண்டிக்குள் முழங்கால் வலிக்காரர்கள் தட்டை நீட்டியபடி இருந்தார்கள். நீட்டிய தட்டைத் தாண்டிப் போகிற பழக்கம் சர்வர்களுக்கு இல்லை. பரிமாறினார்கள். இரண்டாம் தடவை கேட்டவர்களுக்கும் பரிமாறினார்கள். அதற்குள் எஞ்சின் ஊதியது. கூடத்தில் இருந்தவர்கள் ஹோட்டலைத் திட்டிக்கொண்டே ஓடி வந்து ஏறினார்கள். ஏறினால், உட்காருகிற இடத்திலேயே சுடச்சுடப் பொங்கல். திட்டிய வாய் நின்றுவிட்டது.

நஞ்சுண்டன் மூன்று வடை சாப்பிட்டிருந்தார். நாற்பது வருஷமாக யாத்திரை போகிறேன், கால் வலிக்காரனைத் தேடி வண்டிக்குள் வந்து பரிமாறிய ஹோட்டலை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஜன்னல் வழியாகக் கண் கலங்கச் சொன்னார். சீசன் முழுக்கக் கோமதி விலாஸ்தான், ஆனால் வண்டியிலேயே பரிமாற வேண்டும் என்றார். முதலாளி ஆவுடையப்பனை எல்லார் முன்னாலும் கட்டிப்பிடித்தார். மாமனார் சாயங்காலம் ஒரு பலாப்பழத்தோடு வந்து சேர்ந்தார்.

அடுத்த சனிக்கிழமைக்கு மூவரும் முன்கூட்டியே யோசித்துவைத்தார்கள். ஒரு பெட்டி சமையல்கட்டில். இது இனி மாறக் கூடாது. இன்னொரு பெட்டி சாப்பிடுகிறவர்கள் இருக்கிற இடத்தில். சாப்பிடுகிறவர்கள் இருப்பது வண்டியில். இதில் பிழை கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை.

வண்டி வந்ததும் கூடத்துக் கம்ப்யூட்டரை ஏற்றி, நஞ்சுண்டனுக்கு எதிர் இருக்கையில் வைத்தார்கள். செலஸ்டினா பக்கத்தில் உட்கார்ந்தாள். சமையல்கட்டிலிருந்து வயர் இழுத்து, ஜன்னல் கம்பி வழியாகப் பெட்டியில் செருகினார்கள். இந்தத் தடவை ஒரு குறையும் இல்லை. கேட்டது கேட்டபடி, கேட்டவருக்கே வந்தது.

எஞ்சின் ஊதியது. வண்டி அசைந்தது. கடைசி ஆர்டர் ஒன்று பாக்கி இருந்ததால் செலஸ்டினா இறங்கவில்லை. சுடலைக்கண்ணு வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிளாட்பாரத்தில் வண்டியோடு கூடவே நடந்தான். பிறகு ஓடினான். சுருள் அவிழ்ந்துகொண்டே போயிற்று. பிளாட்பாரம் முடிந்த இடத்தில் இறங்கி, தண்டவாளத்தோரமாக ஓடி, சிறியதாகி, வளைவில் மறைந்தான். சமையல்கட்டில் மணி அடித்தது. இரண்டு தோசை.

"பார்த்தீங்களா அண்ணாச்சி, தொடர்பு அறுந்துபோகவே இல்லை" என்றான் ஆவுடையப்பன் பெருமையாக. "ராமேஸ்வரம் வரைக்கும் வயர் மட்டும் வாங்கிட்டோம்னா, ராத்திரிச் சாப்பாடும் நம்மளே குடுத்துரலாம்."

கோமதிநாயகம் வண்டி போன திசையைப் பார்த்தபடி நின்றார். அவர் முகம் கவலையில் சுருங்கியது. ஒரு முதலாளிக்கு நாலையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

"பாம்பன் பாலத்துல உப்புக் காத்து அடிக்கும்வே" என்றார். "துருப்பிடிக்காத வயரா பாத்து வாங்கும்."