மேலே போன அம்மாவும் பேக்கரிக்காரரும்

"இந்த ஆசையை எங்கிட்ட இருந்து எடுத்துருங்கம்மா" என்றார் சீராளன்.

வணக்கம்கூடச் சொல்லவில்லை. பாயில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக அதைத்தான் சொன்னார்.

சிறுமலையில் பலாமரங்களுக்கு நடுவே நாலு ஓட்டு அறைகள். அதுதான் ஆசிரமம். அங்கே இருந்த துறவி ஒரு காலத்தில் விண்வெளிக்குப் போய், மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டுத் திரும்பியவர். இறங்கி வந்ததும் வேலையை விட்டார். கொஞ்ச நாளில் பெயரையும் விட்டார்.

மலைக்காரர்கள் அவருக்கு வேறு பெயர் வைத்தார்கள். மேலே போன அம்மா.

போனதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. யாராவது கேட்டால் சிரிப்பார். பிறகு, "காப்பிக்கொட்டை காயுது, கொஞ்சம் கிளறி விடறீங்களா?" என்பார்.

சீராளன் அவரைவிடப் பல வயது மூத்தவர். ஒட்டன்சத்திரத்தில் பேக்கரி வைத்திருப்பவர். மனைவி விசாலத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் படியேறி வந்திருந்தார்.

"எந்த ஆசைங்கய்யா?"

"மனுசன் மேல போறான் பாருங்க, ராக்கெட்ல. அந்தப் பித்து."

"எப்பப் பிடிச்சது?"

"ஒம்பது வயசுல. ரொட்டி சுத்துற பேப்பர்ல ஒரு படம். தலையில உருண்டையா கண்ணாடிக்கூடு மாட்டிக்கிட்டு ஒருத்தர் சிரிக்கிறார். உலகத்தைச் சுத்திட்டு வந்தவர்னு எங்கப்பா படிச்சுச் சொன்னார். அன்னைக்கு அடுப்புல இருந்த ரொட்டியெல்லாம் கருகிப்போச்சு."

"அன்னையிலிருந்து இவரும் கீழ இல்லீங்கம்மா" என்றாள் விசாலம். "யாராவது மேல போனா கடைக்கு வர்ற பிள்ளைகளுக்கெல்லாம் பன்னு சும்மா. போன இடத்துல யாராவது செத்துட்டா அன்னைக்கு அடுப்பே பத்தவைக்க மாட்டார். ஊர்ல யார் வீட்டுல துட்டி, யார் செத்தாங்கன்னு வந்து கேப்பாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

அம்மா சிரிக்கவில்லை.

"இப்ப எதுக்கு அதை எடுக்கணும்?"

சீராளன் விசாலத்தின் பக்கம் திரும்பினார். விசாலம்தான் சொன்னாள். "கண்ணு போகுதுங்கம்மா. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுற நோய். ஒரு கண்ணு போயிருச்சு. இன்னொண்ணுல நிழல் மாதிரிதான் தெரியுது. அதுவும் தங்காதுன்னுட்டாங்க."

"சாயங்காலத்துல அந்த விண்வெளி நிலையம் எங்க ஊருக்கு மேல போகும்" என்றார் சீராளன். "நட்சத்திரம் மாதிரிதான் இருக்கும். ஆனா கண் சிமிட்டாது. சத்தம் போடாது. அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். அதுக்குள்ள ஆளு இருக்குன்னு நினைச்சாப் போதும், அன்னைக்கு எனக்கு வயிறு நிறைஞ்சிரும். இப்ப அது தெரியல. ஆனா ஆசை அப்படியே இருக்குது. கண்ணு போறப்ப அதுவும் கூடப் போயிட்டா நல்லது."

அம்மா அவருக்கு எதிரே நெருங்கி உட்கார்ந்தார்.

"எடுக்கணும்னா முதல்ல வெளிய வைக்கணும். வைங்க."

"எப்படி வைக்கிறதுங்கம்மா?"

"யார் யார் போனாங்கன்னு சொல்லுங்க."

சீராளன் சம்மணத்தைச் சரிசெய்துகொண்டார். சொல்ல ஆரம்பித்தார்.

முதலில் போனவர். அடுத்துப் போனவர். முதல் பெண். ருஷ்யப் பெயர், அமெரிக்கப் பெயர், சீனப் பெயர், ஜப்பான் பெயர். பக்தர்கள் போற்றி சொல்வதுபோல நிறுத்தாமல் வந்துகொண்டிருந்தன. எல்லாமே ஒட்டன்சத்திரத்து உச்சரிப்பில்தான்.

சில பெயர்களுக்கு முன்னால் குரல் தாழ்ந்தது. "இவங்க திரும்பலை" என்பார். ஒரு மூச்சு நிற்பார். மறுபடி தொடர்வார்.

பக்கத்தில் விசாலத்தின் உதடுகளும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. அதை அவள் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தார்.

வெயில் முற்றத்தைத் தாண்டிச் சுவரில் ஏறியது.

"தேன்மொழி" என்றார் சீராளன். சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

அது அம்மாவின் பழைய பெயர். அப்படி யாரும் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. அம்மா கண்களை மூடிக்கொண்டார்.

எல்லாப் பெயரும் முடிந்தது.

"வெளிய வெச்சுட்டேங்கம்மா."

"சரி. இப்ப ஒரு கேள்வி கேளுங்க. என்ன வேணும்னாலும்."

சீராளன் ஆயுள் முழுக்கச் சேர்த்துவைத்த கேள்விகள் அத்தனையும் ஒரே வாசலில் வந்து முட்டிக்கொண்டு நின்றன.

கடைசியில் ஒன்றுதான் வெளியே வந்தது. "அங்கிருந்து நம்ம நாட்டை முதல்ல பார்த்தீங்களே. அது எப்படி இருந்துச்சு?"

"பார்க்கலை."

"பார்க்கலையா?"

"நம்ம பக்கம் வருதுன்னு சொன்னாங்க. ஓடிப்போய் ஜன்னலைப் பிடிச்சேன். கடற்கரைக் கோடு தெரிய ஆரம்பிச்சுது. எனக்கு அழுகை வந்துருச்சு. அங்க கண்ணீர் கீழ விழாதுங்கய்யா. கண்ணு மேலயே உருண்டையா நின்னுக்கும். ஒண்ணும் தெரியாது. துடைக்கத் துணி தேடி எடுத்தேன். துடைச்சுட்டுப் பார்த்தா வெறும் கடல்."

சீராளன் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் மழைக்காலம். பகல்ல போறப்பெல்லாம் மேகம்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து காப்பிக்கொட்டையை அள்ளப் போய்விட்டார். புருஷனும் பெண்சாதியும் அப்படியே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டு வந்தது கிடைத்ததா இல்லையா என்று அவர்களுக்கே தெரியவில்லை.

ஆசை என்னவோ போகவில்லை. கண்மேல் உருண்டையாக நிற்கும் கண்ணீரை நினைத்து நினைத்து சீராளனுக்கு நெஞ்சு பூரித்தது. அதுவே அவருக்குப் பயமாகவும் இருந்தது.

பொழுது சாய்ந்ததும் அம்மா வந்து கூப்பிட்டார். "வாங்க, பாறைக்குப் போவோம். இன்னைக்கு அது இந்தப் பக்கமாத்தான் போகுது."

"எனக்கு எதுக்கும்மா? தெரியாதே."

"வாங்க."

ஆசிரமத்துக்குப் பின்னால் திறந்த பாறை. மூவரும் நின்றார்கள். மேற்கில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது.

"வந்துருச்சு" என்றாள் விசாலம்.

தென்மேற்கில் ஒரு புள்ளி எழுந்து ஏறியது. சிமிட்டாமல், சத்தமில்லாமல், அதன் பாட்டுக்கு.

சீராளன் முகத்தைத் தூக்கினார். ஒரே சாம்பல் நிறம். கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்றால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கையை ஏன் கட்டி வெச்சிருக்கீங்க?" என்றார் அம்மா.

அவர் வெட்கப்பட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லேன்னா ஆட்டிருவாரும்மா" என்றாள் விசாலம். "அது போறப்பெல்லாம் மொட்டை மாடியில நின்னு கையை ஆட்டுவார். பக்கத்து வீட்டுக்காரங்க சிரிப்பாங்க. எனக்கே சங்கடமா இருக்கும். கண்ணு மங்குனதுல இருந்து விட்டுட்டார். தெரியாம யாருக்குடி ஆட்டுறதுங்கறார்."

அம்மா விசாலத்தின் பக்கம் திரும்பினார்.

"நான் அங்க இருந்தப்பவும் ஆட்டினாரா?"

"உங்களுக்கு ரெண்டு கையும்."

அம்மா நிமிர்ந்து மேலே பார்த்தார். புள்ளி அவர்கள் தலைக்கு மேலே வந்துவிட்டது.

சீராளன் மெல்லக் கேட்டார். "உங்களுக்குத் தெரிஞ்சுதாம்மா?"

"ஒரு நாளும் தெரியலைங்கய்யா. இந்நேரத்துக்குக் கீழ இருட்டு. ஊரே ஒரு பொட்டு வெளிச்சம்தான். ஆனா நம்ம பக்கம் வரும்போதெல்லாம் ஜன்னல்கிட்ட மிதந்துக்கிட்டு நானும் கையை ஆட்டுவேன். கூட இருந்தவங்க சிரிப்பாங்க."

"யாருக்கு ஆட்டினீங்க?"

"இத்தனை நாளாத் தெரியல. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

சொல்லிவிட்டு அம்மா இரண்டு கைகளையும் சேர்த்து, பேக்கரிக்காரரைக் கும்பிட்டார்.

சீராளனுக்கு அது தெரியவில்லை. புள்ளி வடகிழக்கே மலைவிளிம்பை நோக்கி இறங்க ஆரம்பித்திருந்தது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

முதுகுக்குப் பின்னால் இருந்த கைகள் அவிழ்ந்தன.

"விசாலம், எந்தப் பக்கம்?" என்றார்.