முழங்கையை ஒட்டு

பாக்கியநாதன் மாஸ்டரிடம் கேள்வி கேட்டுவிட்டு உடனே பதிலை எதிர்பார்க்கிறவர்கள் இரண்டாம் முறை அவரிடம் வருவதில்லை. சிலரை மைதானத்தில் கல் பொறுக்க அனுப்புவார். சிலரை டீ வாங்கி வரச் சொல்வார். பதில் எப்படியோ அதற்குள் இருக்கும். இல்லாமலும் போகும்.

மாசானமுத்து அவரிடம் கபடி படித்தவன். பதினொரு வருடமாகத் தொழில்முறை லீக்கில் ஆடுகிறான். எந்த அணியில் இருந்தாலும் ஆட்டத்தின் முதல் ரைடு அவனுடையதுதான். எதிரணி ஏழு பேரும் இன்னும் உடம்பு சூடேறாமல் நிற்கும்போதே உள்ளே போய், ஒருவனைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பான். அதுதான் அவன் பிழைப்பு.

முப்பத்திரண்டு வயதில், ஒரு மத்தியானம், உடன்குடிக்குத் தெற்கே தேரிச் செம்மணலில் கிடந்த அந்தப் பழைய மைதானத்துக்கு வந்து இறங்கினான்.

"மாஸ்டர், இடது கார்னர் பக்கம் போக முடியல."

"முழங்காலா?"

"கால் நல்லாத்தான் இருக்கு. பாட்டு நின்னுருது. அந்த மூலைக்குப் போனதும் கபடி கபடின்னு வாயில வர மாட்டேங்கு. மூச்சு இருக்கு, சத்தம் வரல. பாட்டு நின்னா அவுட்டு. இன்னும் இருபது நாள்ல சீசன். இப்படியே இருந்தா பெஞ்சுதான், அடுத்த வருசம் வீட்டுக்குத்தான்னு கோச் சொல்லிட்டாரு."

"எப்பத்துல இருந்து?"

மாசானமுத்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"அந்த அரையிறுதியில இருந்து."

அந்த அரையிறுதியை ஊரே டிவியில் பார்த்தது. கடைசி நிமிடம், சம புள்ளி. மாசானமுத்துவின் அணி இரண்டு ரைடு போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தது. மூன்றாவது ரைடிலும் புள்ளி எடுக்காவிட்டால் போனவன் அவுட். அவனை அனுப்பினார்கள். எதிர்ப்பக்கம் இடது கார்னரில் நின்றவன் இருதயராஜ்.

இருதயராஜும் இதே மண்ணில், இதே மாஸ்டரிடம் படித்தவன். எட்டு வருடம் இருவரும் ஒரே அணி, ஒரே அறை. இருதயராஜுக்கு வலது தோள்மூட்டு அடிக்கடி நழுவும். அணி மருத்துவருக்குத் தெரிந்தால் ஆட்டம் போச்சு. அதனால் தினமும் காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாசானமுத்துதான் தோளுக்கு டேப் சுற்றிக் கட்டுவான். டேப் சுருளோடு எதிரே போய் நின்று, "முழங்கைய ஒட்டு" என்பான். இருதயராஜ் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்வான். கொஞ்ச நாளில் அதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பிறகு லீக்கின் வீரர் ஏலம் இருவரையும் வேறு வேறு அணியில் போட்டது. புது அணியில் இருதயராஜ் டேப்பின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு தானே சுற்றிக்கொள்ளப் பழகினான்.

"டிவியில பாத்தேன்," என்றார் மாஸ்டர். "இருந்தாலும் நீ சொல்லு."

"அவன் பக்கம் போனேன். முழங்கைய விலாவோட ஒட்டுனான். அவனுக்கு வலி வரப்போவுதுன்னு நெனச்சேன். பிடி நிக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. அந்தக் கைக்குள்ளயே கால விட்டேன் மாஸ்டர்."

"வேணும்னா?"

"வேணும்னுதான். கரண்டைக் காலப் பிடிச்சான். உதறிட்டுக் கோட்டுக்குத் தாவிட்டேன்."

"தோள்ல சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

புள்ளி கிடைத்தது. அணி இறுதி ஆட்டத்துக்குப் போனது. இருதயராஜின் தோளில் இரண்டு முறை அறுவை செய்தார்கள். கை இருக்கிறது, அவ்வளவுதான்.

"ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தியா?"

"ப்ராக்டிஸ் இருந்துச்சு." மாசானமுத்துவின் குரல் உயர்ந்தது. "ரூல் பிரகாரம் ஒரு தப்பும் இல்ல மாஸ்டர். எதிராளிக்கு எங்க வலிக்குதோ அங்க போன்னு சொல்லிக் குடுத்தது நீங்கதான்."

"ஆமா. நான்தான்," என்றார் மாஸ்டர். அதைச் சொல்லும்போது அவர் முகம் நன்றாக இல்லை.

"சாயங்காலம் வரைக்கும் இரு," என்றார். "கோடு போட அவன் வருவான்."

மாசானமுத்து ரோட்டைப் பார்த்தான். பேசாமல் பஸ் ஏறிவிடலாமா என்று நினைத்தான். ஆனால் இருபது நாள்தான் இருந்தது. உட்கார்ந்திருந்தான்.

வெயில் தாழ்ந்ததும் இருதயராஜ் வந்தான். கழுத்தில் கயிறு கட்டி மாட்டிய சுண்ணாம்புப் பொடி வாளி. வலது கை சும்மா தொங்கியது. இடது கையால் பொடியை அள்ளித் தூவினான். நடுக்கோடு இரண்டு இடத்தில் வளைந்து போனது. அதை யாரும் அவனிடம் சொல்வதில்லை.

"ஏல மாசானம், எப்பம் வந்த? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்," என்றான் மாசானமுத்து. காலையிலிருந்து அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

"இருதயம், வாளிய வச்சிட்டு உன் இடத்துல போய் நில்லு," என்றார் மாஸ்டர்.

"நானா மாஸ்டர்? எந்தக் கையால பிடிக்க?" என்று சிரித்தான் இருதயராஜ்.

"பிடிக்க வேண்டாம். நில்லு."

அவன் இடது கார்னரில் போய் நின்றான். முழங்கால்கள் தானாக மடங்கி, ஆட்டத்துக்குத் தயாரானவன் போல் ஆனான். அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டினார். வாழ்நாள் முழுக்கப் பிடிக்கிற ஆளாகவே ஆடியவர், ஐம்பத்தெட்டு வயதில் கபடி கபடி என்று பாடிக்கொண்டு உள்ளே போனார். மூச்சு இரைத்தது. இருதயராஜின் முகத்துக்கு நேரே கையை வீசினார், காலை நீட்டினார். இருதயராஜ் பதுங்கினான், விலகினான். வலது கை அதன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் திரும்பி வந்து வெகுநேரம் இருமினார்.

"இப்ப நீ போ," என்றார்.

மாசானமுத்து கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாட ஆரம்பித்தான். நடுவில் பாட்டு நன்றாகத்தான் வந்தது. வலது மூலைக்குப் போய்த் திரும்பினான். அப்போதும் வந்தது. பிறகு இருதயராஜ் நின்ற இடது கார்னர் பக்கம் திரும்பினான். நான்கு எட்டு வைக்கும் தூரம்.

இருதயராஜ் அவனைப் பார்த்தான். தொங்கிக்கொண்டிருந்த வலது கையை இடது கையால் எடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டான்.

பாட்டு நின்றுவிட்டது.

"ஏல, அவுட்டு," என்றான் இருதயராஜ் மெதுவாக. வாளியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மிச்சக் கோட்டைப் போடப் போனான்.

மாசானமுத்து மாஸ்டரின் பக்கத்தில் வந்து மண்ணில் உட்கார்ந்தான்.

"பாத்தீங்கல்லா மாஸ்டர். இப்படித்தான் நின்னுருது."

"நீ என்ன பாத்த?"

"முழங்கைய ஒட்டுனான். அவனுக்கு இன்னும் வலி இருக்கு."

"அந்தக் கையில உணர்ச்சியே கிடையாதுல. ஊசி வச்சுக் குத்துனாலும் தெரியாது."

மாசானமுத்து நிமிர்ந்து பார்த்தான்.

"நான் போனேன்லா. எனக்கு ஒட்டுனானா?"

மாசானமுத்து யோசித்தான். "இல்ல."

"அந்த வருசம் அவன் ஆடுன பத்தொம்பது ஆட்டத்தையும் போட்டுப் பாத்தேன். நாலு மாசமா எனக்கு வேற வேலையே இல்ல. ஒவ்வொருத்தன் பாடி வரும்போதும் அந்தக் கையத்தான் பாத்தேன். எவனுக்கும் அவன் ஒட்டல. தோள் நழுவி வலியில நின்னப்பகூட ஒட்டல."

"அப்பம் எனக்கு மட்டும் ஏன் மாஸ்டர்?"

மாஸ்டர் மைதானத்தைப் பார்த்தார். அந்தக் கோடியில் இருதயராஜ் குனிந்து பொடி தூவிக்கொண்டிருந்தான்.

"எட்டு வருசம், காலைல எந்திரிச்சதும் அவனுக்கு எதிர்ல வந்து நின்னது யாரு?"

மாசானமுத்து வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"நீ எதிர்ல வந்தா வலி குறையும்னு அந்த உடம்பு படிச்சு வச்சிருக்குல," என்றார் மாஸ்டர். "அன்னைக்கும் நீ கட்டுப் போடத்தான் வாரேன்னு நெனச்சிருக்கு."