பிடரியில் ஒளிந்த குஞ்சுகள்

அந்தக் காலத்தில், மீன்கள் வாயைத் திறந்தால் பேச்சு வந்த காலத்தில், கடலின் தரை மொட்டையாகக் கிடந்தது. மணலும் பாறையும் தவிர ஒரு பச்சை கிடையாது. கரையில் இருந்த பெண்களுக்கோ கூந்தல் முழங்கால்வரை தொங்கியது. ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை, இன்னொரு பக்கம் வேண்டிய மட்டும். உலகம் அப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறது.

அந்தக் கரையில் ஆண்கள் வள்ளம் ஏறி மீனுக்குப் போவார்கள். பெண்கள் மூச்சுப் பிடித்து மூழ்கிச் சங்கு எடுப்பார்கள். கணவன் கடலில் இருக்கும்போது மனைவி தன் முடியில் ஒரு நுனியைக்கூடக் கத்தரிக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. அவள் கூந்தல்தான் வள்ளத்தைக் கரையோடு பிணைத்திருக்கும் கயிறு என்று நம்பினார்கள். முடியை அறுத்தால் ஆள் திரும்ப மாட்டான். இதை யார் சோதித்துப் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. சோதித்துப் பார்க்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்?

இருளாயிக்கும் வரவில்லை. கணவன் கருமலையான் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. கடலுக்குப் போகுமுன் அவன் அவள் பின்னலை நுனிவரை ஒருமுறை உருவிவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளுவான். அவன் திரும்பும்வரை, சீவும்போது உதிரும் முடியைக்கூட அவள் கீழே போடாமல் சுருட்டி முந்தானையில் முடிந்துகொள்வாள்.

அப்படி அவன் ஆழ்கடலுக்குப் போயிருந்த ஒரு நாள், தண்ணீருக்கடியில் சங்கு தேடிக்கொண்டிருந்த இருளாயிக்குப் பிடரியில் ஏதோ கூசியது. கொண்டை அவிழ்ந்து கூந்தல் விரிந்து மிதந்தது. தலையைத் திருப்பினால், முகத்துக்கு நேரே ஒரு ஓரா மீன்.

"அசையாத தாயி," என்றது ஓரா. "என் குஞ்சுங்க உன் முடிக்குள்ள இருக்கு."

ஓரா தன் கஷ்டத்தைச் சொன்னது. இந்த மொட்டைத் தரையில் குஞ்சுகளை ஒளித்துவைக்க இடமே இல்லையாம். பொரித்ததும் சீலா மீன் வந்து விழுங்கிவிடுமாம். இந்த முறை இருளாயியின் கூந்தல் கண்ணில் பட்டதால் அதற்குள் அனுப்பியிருக்கிறது. அவள் கீழே இருக்கும்வரை அவை பிழைக்கும். அவள் மேலே போனால், பாறைக்குப் பின்னால் காத்திருக்கும் சீலா புறப்பட்டுவிடும்.

இருளாயி முடிந்தமட்டும் கீழேயே இருந்தாள். நெஞ்சு எரிந்தது, கண் இருட்டியது. கூட வந்த குருவம்மா பயந்துபோய் மூழ்கி, கையைப் பிடித்து மேலே இழுத்தாள். இழுத்த வேகத்தில் குஞ்சுகள் முடியைவிட்டு வழுக்கி விழுந்தன. கீழே சீலாவின் வெள்ளி உடம்பு பாய்வதை இருளாயி பார்த்துவிட்டாள்.

கரையில் குருவம்மா திட்டித் தீர்த்தாள். மீன்குஞ்சுக்காக உயிரை விடுவாளாம், பொழுது சாய்ந்தால் அதன் அம்மாவைத்தானே குழம்பு வைக்கிறோம் என்றாள். இருளாயியால் மறுக்க முடியவில்லை. ஆனால் வலையில் விழுந்த மீன் வேறு, நம்பி வந்து பிடரியில் ஒளிந்த மீன் வேறு. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவள் இறங்கியபோது குஞ்சுகள் கொஞ்சமே மிஞ்சியிருந்தன. அவை ஓடிவந்து முடிக்குள் புகுந்துகொண்டன. முடியை அறுத்துப் பாறையில் கட்டிவிட்டுப் போனால் எல்லாம் பிழைக்கும் என்பது அவளுக்கு இரவே தோன்றிவிட்டது. செய்யத்தான் கை வரவில்லை. தடை என்னவென்று ஓராவிடம் சொன்னாள்.

"என் ஆளு கடல்ல இருக்காரு."

"தெரியும் தாயி. என் பிள்ளைகளும் கடல்லதான் இருக்கு," என்றது ஓரா.

அது கெஞ்சவில்லை. திரும்பிப்போய் முதுகு முள்ளை விரித்துக்கொண்டு, சீலா வரும் வழியில் தனியாக நின்றது. அதைப் பார்த்ததும் இருளாயிக்கு மனம் உடைந்தது. கடலையே பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல் கரையில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

இடுப்பில் இருந்த சிப்பிக் கத்தியை எடுத்தாள். பின்கழுத்தோடு கூந்தலைப் பிடிபிடியாக அறுத்தாள். ஒவ்வொரு பிடிக்கும் கருமலையான் பெயரை மனதுக்குள் சொன்னாள். அறுத்ததைப் பாறை இடுக்குகளில் முடிந்துவைத்தாள். குஞ்சுகள் அதற்குள் நுழைந்தன. கடைசிக் குஞ்சு மட்டும் அவளுடைய வெறுங்கழுத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனது.

அவள் கரையேறியதும் மாமியார் பூரணத்தாள் அந்தத் தலையைப் பார்த்தாள். அப்படியே மணலில் உட்கார்ந்து, உயிரோடு இருக்கும் மகனுக்கு ஒப்பாரி வைத்தாள். ஊரே இருளாயியை விட்டு விலகி நின்றது. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. பொழுதெல்லாம் கரையில் உட்கார்ந்து, என் கையாலேயே அவரை அனுப்பிவிட்டேனோ என்று உருகினாள்.

வள்ளங்கள் வழக்கத்தைவிடத் தாமதமாகவே வந்தன. கடைசி வள்ளத்தில் கருமலையான் இருந்தான். இறங்கி வந்தவன் அவள் தலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"நான்தான் அறுத்தேன் மச்சான்," என்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் முழுக்கக் கேட்டான். பிறகு அவள் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, பின்கழுத்தைப் பார்த்தான்.

"நான் காத்தப் பாத்துத் திரும்பி வந்தேன் புள்ள. உன் முடியப் பிடிச்சுக்கிட்டு வரல," என்றான். "இங்க உனக்கு ஒரு மச்சம் இருக்கு. இத்தன வருசமா எனக்குத் தெரியாமப் போச்சே."

அந்த மச்சத்தில் விரலை வைத்தான். அதுவரை அழாமல் இருந்த இருளாயி அப்போதுதான் அழுதாள்.

அதற்குப் பிறகு கரைப்பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். ஓரா தவிர எத்தனையோ மீன்களுக்குக் குஞ்சு இருக்கிறதே. திட்டித் தீர்த்த குருவம்மா தோளோடு அறுத்தாள்; அதற்கு மேல் அவளுக்கு மனம் வரவில்லை. சுருட்டை முடிக்காரி காத்தாயி காதோடு அறுத்து, நெற்றியில் மட்டும் புருவம்வரை கொஞ்சம் விட்டுக்கொண்டாள். எல்லாருக்கும் கடைசியாகப் பூரணத்தாள் வந்தாள். ஒட்ட நறுக்கிக்கொண்டு, "வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கு," என்றாள், ஏதோ முதலில் யோசனை சொன்னவளே அவள்தான் என்பதுபோல. பாறையில் கட்டிய முடியெல்லாம் வேர்பிடித்துப் பச்சையானது. நீளமுடி நீளமாகவும் சுருட்டை சுருட்டையாகவும் வளர்ந்தது.

அன்று முதல்தான் கடலடியில் பாசி அசைகிறது, குஞ்சுகள் அதற்குள் ஒளிந்து பிழைக்கின்றன. அன்று முதல்தான் பெண்கள் தோளோடும் காதோடும் பிடரியோடும் அவரவர் மனம் போல முடியைக் கத்தரித்துக்கொள்கிறார்கள். புதிதாக வெட்டிக்கொண்டவளைக் கவனியுங்கள். சில நாளைக்கு அவள் கை தானாகவே பின்கழுத்துக்குப் போய்ப் போய் வரும். போன முடியைத் தேடுகிறாள் என்பார்கள் பார்ப்பவர்கள். குஞ்சுகளெல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தனவா என்றுதான் அந்தக் கை பார்க்கிறது.